ஆர்.டி. 2035 பார்லி: தீவனத்துக்கு ஒரு வெட்டு, அப்புறம் தானியம்

பால் மாடும் வேண்டும், மூட்டையில் தானியமும் வேண்டும், கிணற்றில் தண்ணீரோ குறைவு. இப்படி இருப்பவர்களுக்காக வந்த ரகம் ஆர்.டி. 2035. ஜெய்ப்பூர் துர்காபுரா ஆராய்ச்சி நிலையத்தின் ஆறு வரிசைப் பார்லி, அதாவது கதிரில் மணி ஆறு வரிசையாக நிற்கும் வகை. 1990களில் வெளியானது. பயிர் ஐம்பது நாளைத் தாண்டியதும் ஒருமுறை பசுந்தீவனமாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டின தூரிலிருந்தே மறுபடி துளிர்த்து, பங்குனி கடைசியில் கதிரும் தரும். ராஜஸ்தானிலும் அதை ஒட்டிய வடமேற்குச் சமவெளியிலும் இரட்டைப் பயன் பார்லி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெயர்தான். பின்னால் வந்த ஆர்.டி. 2552, ஆர்.டி. 2715 இரண்டுக்கும் இது பெற்றோர் வரிசையில் இருக்கிறது.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மணல் கலந்த நிலம், வேரைத் தாக்கும் நூற்புழுத் தொல்லை, ஐந்து பத்து மாடு, மூன்று நான்கு தண்ணீருக்கு மேல் விட வசதியில்லை என்றால் இன்றைக்கும் இது நல்ல தேர்வு. மால்ட் ஆலைக்கு விற்க நினைப்பவருக்கும், கார்த்திகை பிறந்தும் பல நாள் கழித்து விதைப்பவருக்கும், ஒரே நாளில் ஏக்கர் கணக்கில் வெட்டி ஊறுகாய்ப் புல் (குழியில் மூடிப் புளிக்கவைக்கும் தீவனம், சைலேஜ்) போட நினைப்பவருக்கும் இது வேண்டாம். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த ரகத்தின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் பெரும்பாலும் அந்த ஒரு வெட்டைப் பொறுத்தே வருகின்றன. ஒரு வாரம் தள்ளி வெட்டிவிட்டு ரகத்தைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

இது வசந்தகால வகைப் பார்லி. பூப்பதற்கு நீண்ட கடுங்குளிர் தேவையில்லை. குளிர் நாடுகளில் இந்த வகையைப் பனி உருகினபின் விதைக்கிறார்கள். வட இந்தியாவில் ரபிப் பருவத்தில், அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ விதைக்கிறார்கள். பூக்கக் குளிர் தேவையில்லை என்றாலும் தூர் வெடிக்கக் குளிர் வேண்டும். தமிழகச் சமவெளியின் மார்கழி இதற்குப் போதாது; இரண்டு தூரோடு அவசரமாகக் கதிர் தள்ளிவிடும், வெட்டவும் ஒன்றும் இருக்காது, அறுக்கவும் ஒன்றும் இருக்காது. நீலகிரி மேட்டு நிலத்தில் பார்லி விளையும்தான். ஆனால் இந்த ரகம் அந்த மலைக்காகப் பரிந்துரைக்கப்பட்டதல்ல. கீழே வரும் தேதியும் அளவும் ராஜஸ்தான், ஹரியானா பக்கத்துப் பாசன நிலத்துக்கு உரியவை.

விதையும் விதைப்பும்

பழைய ரகம் என்பதால் நீலச் சீட்டு ஒட்டிய சான்று விதை எளிதில் கையில் கிடைக்காது. சந்தையில் ‘2035’ என்று வாய்ச்சொல்லாக விற்கும் மூட்டையில் கலப்பு அதிகம். கையில் மணியை உருட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், பயிரில் தெரிந்துவிடும். பிப்ரவரியில் கதிர் வந்ததும் வயலோரமாக நடந்து பாருங்கள். ஆறு வரிசைக் கதிர்களுக்கு நடுவே தட்டையான இரண்டு வரிசைக் கதிர் நின்றால் அது கலப்பு. அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கும் எண்ணமிருந்தால் அதை அப்போதே பிடுங்கிவிட வேண்டும்.

விதையளவு ஹெக்டேருக்கு 100 கிலோ, ஏக்கருக்கு 40 கிலோ. ஆயிரம் மணி ஏறத்தாழ 40 கிராம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 250 மணி விழும். 22.5 சென்டிமீட்டர் இடைவெளி வரிசையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 55 மணிக்குக் கொஞ்சம் கூட. விதைக்கும் கருவியைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 9 கொழுக் கருவி 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் போகும். 50 மீட்டர் தூரம் ஓட்டினால் 100 சதுர மீட்டர். விதைக்குழாய்களின் வாயில் பை கட்டி ஓட்டிவிட்டு, பைகளில் விழுந்ததை எடைபோடுங்கள். 1 கிலோ வர வேண்டும். 800 கிராம்தான் வந்தால் தீவன வெட்டிலேயே அந்தக் குறை தெரியும்.

ஆழம் 5 சென்டிமீட்டர். மணல் நிலத்தில் மேல் ஈரம் சீக்கிரம் காய்கிறது என்று 8, 9 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் முளை வெளியே வருவதற்குள் சக்தி தீர்ந்துவிடும்; வந்த பயிரும் ஒற்றைத் தண்டாக நிற்கும். இதற்குப் பதில் ‘பலேவா’ என்று அங்கே சொல்கிற விதைப்புக்கு முந்திய தண்ணீரை விட்டு, பதம் வந்ததும் உழுது, அந்த ஈரத்திலேயே விதைப்பதுதான் சரி.

தீவனத்துக்கும் வெட்டப்போகிறோம் என்றால் அக்டோபர் 25 முதல் நவம்பர் 10 வரைக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். வெட்டின பயிர் வெட்டாததைவிட ஒரு வாரம், பத்து நாள் பின்தங்கித்தான் கதிர் தள்ளும். நவம்பர் 20க்குப் பிறகு விதைத்ததை வெட்டினால், மணி பால் பிடித்து முற்றும் நேரம் மார்ச் கடைசி வெயிலில் மாட்டிக்கொள்ளும். அந்த மணி சப்பையாகத்தான் இருக்கும். பிந்தி விதைத்தீர்களா, வெட்டாமல் தானியத்துக்கே விடுங்கள்.

விதை நேர்த்தியைத் தவிர்க்கக் கூடாது. கதிரையே கறுப்புப் பொடியாக்கும் திறந்த கரிப்பூட்டை நோய் பார்லி மணிக்கு உள்ளேயே ஒளிந்துவரும். மேலே தூவுகிற சாதாரணப் பூசணக்கொல்லிக்கு அது எட்டாது. உள்ளே ஊடுருவும் மருந்து வேண்டும்: கிலோவுக்கு கார்பாக்சின் 2 கிராம், இல்லையென்றால் டெபுகோனசோல் 2 சதத் தூள் 1 கிராம். இதற்கு மாற்றாக, கோடையில் விதையைக் காலையில் 4 மணி நேரம் ஊறவைத்துக் கடும் வெயிலில் தரையில் மெல்லிதாகப் பரப்பிக் காயவைக்கும் பழைய முறையும் வேலை செய்யும். நன்றாகக் காயாமல் மூட்டை கட்டினால் மட்டும் முளைப்பு கெடும்.

அந்த ஒரு வெட்டு

ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்து நாள் என்பது பரிந்துரை. நாட்காட்டியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அக்டோபர் இறுதியில் விதைத்து, நவம்பர் வெதுவெதுப்பாக இருந்துவிட்டால் 48 நாளிலேயே பயிர் கணு விட ஆரம்பித்துவிடும். பனி முந்திய ஆண்டில் 58 நாளிலும் அடக்கமாக இருக்கும்.

இதற்குக் காரணம் பயிரின் உடலமைப்பில் இருக்கிறது. தூர் வெடிக்கும் பருவத்தில் பார்லியின் வளர்முனை, அதாவது கதிராக மாறப்போகும் அந்தச் சின்ன நுனி, மண்மட்டத்திலேயே இருக்கும். மேலே நாம் பார்ப்பது வெறும் இலையும் இலையுறையும். அதை வெட்டினால் பயிருக்கு இலைதான் நஷ்டம். கணு நீள ஆரம்பித்ததும் இந்த நுனி தண்டுக்குள் மேலே ஏறும். ஏறினபின் அரிவாள் வைத்தால் கதிரையே வெட்டுகிறோம்.

எனவே வெட்டுவதற்கு முன் வயலின் நாலைந்து இடத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தடித்த தாய்த்தண்டை எடுத்து, வேரிலிருந்து மேல்நோக்கி நகத்தாலோ பிளேடாலோ நெடுக்காகப் பிளக்க வேண்டும். உள்ளே, அடியில், வெளிர்பச்சையில் கூர்மையான சிறு நுனி தெரியும். உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னப் படிகளாக, நெல்மணியில் பாதிகூட இருக்காது. அது மண்மட்டத்திலிருந்து இரண்டு விரல்கிடைக்குள் இருந்தால் வெட்டலாம். நான்கு விரல்கிடை ஏறியிருந்தால் நேரம் கடந்துவிட்டது. அந்தப் பகுதியைத் தானியத்துக்கு விட்டுவிடுங்கள். பிளக்கப் பொறுமை இல்லாதவர்கள் அடித்தண்டை விரலால் நெருடிப் பார்க்கலாம். முதல் கணு கடினமாகத் தட்டுப்பட ஆரம்பிக்கும் நாள்தான் கடைசி நாள்.

வெட்டும் உயரம் நான்கு விரல்கிடை, அதாவது 6, 7 சென்டிமீட்டர். தீவனம் வீணாகிறதே என்று தரையோடு மழிப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. அடியில் விடுகிற அந்த இலையுறைக் கட்டையில்தான் துளிர்ப்புக்கான சேமிப்பு இருக்கிறது. மழித்த இடம் வயலில் வட்டமாகத் தனியே தெரியும். பக்கத்துப் பயிர் பச்சையாக எழும்போது அங்கே பழுப்பாகவே கிடக்கும்.

அரிவாள் கூராக இருக்க வேண்டும். மணல் நிலத்தில் மொட்டை அரிவாள் இழுத்தால் செடி வேரோடு வந்துவிடும். மாட்டை விட்டு மேய்ப்பது இன்னும் மோசம். அதே காரணத்தோடு மிதியும் சேர்ந்துகொள்ளும். வெட்டுவதற்கு முந்தின இரண்டு மூன்று நாளில் தண்ணீர் விடாதீர்கள். ஈரத்தில் ஆள் நடந்தால் தூர் அமுங்கி மண் இறுகும். வெட்டினபின்தான் தண்ணீர், அதுவும் தள்ளிப்போடாமல். மணல் நிலமானால் காலையில் வெட்டிய பாத்திக்கு மாலையில் தண்ணீர் போய்விட வேண்டும். களி கலந்த நிலத்தில் ஒரு நாள் பொறுக்கலாம். மடை நிறையத் தேக்கினால் வெட்டுண்ட தூர் மஞ்சளடித்துவிடும், மெல்லிசாக ஓடவிட்டால் போதும்.

வெட்டு சரியாக அமைந்ததா என்பது நாலைந்து நாளில் தெரியும். வெட்டுப்பட்ட இலைகளே, நுனி சதுரமாகக் கத்தரித்த மாதிரி, மேலே நீண்டு வந்தால் வளர்முனை உயிரோடு இருக்கிறது. அந்தத் தண்டு கதிர் தரும். வெட்டின கட்டை அப்படியே காய்ந்து, பக்கத்தில் அடியிலிருந்து புதுத் துளிர் மட்டும் வந்தால் தாய்த்தண்டின் கதிர் போய்விட்டது. அந்தப் புதுத் துளிர்களும் கதிர் விடும், ஆனால் பிந்தி, சின்னதாக. இந்தச் சதுர நுனியை எண்ணிப் பார்த்தால் மகசூலை அப்போதே ஓரளவு ஊகிக்கலாம். பத்தில் எட்டுத் தண்டில் தெரிந்தால் கவலை இல்லை. பாதிக்குக் கீழே இருந்தால் வெட்டு பிந்திவிட்டது.

இரண்டாவது வெட்டு? ஆசை வரும், பயிர் அவ்வளவு வேகமாக எழும். வேண்டாம். அதற்குள் எல்லாத் தண்டிலும் கதிர் மேலே ஏறியிருக்கும். இரண்டு மூன்று வெட்டு வேண்டுமென்றால் ஓட்ஸ்தான் பயிர், அதற்கான தண்ணீரும் இருக்க வேண்டும்.

எவ்வளவு தீவனம், எவ்வளவு நாள்

நல்ல பயிரில் ஹெக்டேருக்கு 150 குவிண்டால் பசுந்தீவனத்தை எதிர்பார்க்கலாம், மிக நன்றாக வந்தால் 200 வரை. கேட்க நிறைய. ஆனால் இதில் நீர்ச்சத்து 85 சதம்வரை இருக்கும். பாக்கி உலர்பொருளில் புரதம் 20 சதத்தை ஒட்டி வரும் என்பதுதான் இதன் பெருமை. வயிறு நிரப்ப இது உதவாது, உலர்தீவனத்துக்குத் துணையாகத்தான் போட வேண்டும். ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ இதையும், கூடவே கோதுமைத் தாளோ வேறு வைக்கோலோ நாலைந்து கிலோவும் கலந்து போட்டால் சாணம் இளகாது.

இந்த ரகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சங்கடம் ஒன்று இருக்கிறது. வெட்டும் காலம் மொத்தமே எட்டுப் பத்து நாள். 10 மாட்டுக்கு நாளுக்கு 200 கிலோ. சதுர மீட்டருக்கு 1.5 கிலோ என்றால் நாளுக்கு 133 சதுர மீட்டர், சுமார் மூன்றேகால் சென்ட். பத்து நாளைக்கு 33 சென்ட். ஒரு ஏக்கரை ஒரே நாளில் விதைத்தவரிடம் மீதி 67 சென்ட் தீவனம் கையில் நிற்கும். விற்க ஆள் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பதினைந்தாவது நாளும் வெட்டத் தோன்றும். கணு ஏறின பயிரை வெட்டி மகசூலைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான்.

வழி எளிது. நிலத்தை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கை அக்டோபர் 25 வாக்கிலும், இரண்டாவதை நவம்பர் 5 வாக்கிலும் விதைத்து இரண்டையும் வெட்டுங்கள். இருபது நாள் தீவனம் ஓடும். மூன்றாவதை நவம்பர் 15க்குள் விதைத்து வெட்டாமல் விடுங்கள். விதைக்காகவும் தானியத்துக்காகவும் அது ஆகும்.

மிஞ்சியதை உலர்த்தியோ ஊறுகாய்ப் புல்லாகவோ வைக்கலாமே என்றால், டிசம்பர் கடைசி மூடுபனியில் இந்த ஈரப் புல் காய்வது சிரமம். ஊறுகாய்ப் புல்லுக்கு உலர்பொருள் 30 சதத்துக்கு மேல் வர வேண்டும். 15 சதத்தில் குழியில் போட்டால் சாறு வடிந்து புளித்த நாற்றத்தோடு அழுகும். ஊறுகாய்ப் புல்தான் குறி என்றால், வெட்டாமல் விட்டு மணி மாவுப் பதத்துக்கு வரும்போது முழுப் பயிரையும் அறுக்க வேண்டும். அப்போது இன்னொரு தொல்லை: இந்த ரகத்துக்குச் சொரசொரப்பான நீண்ட மீசை உண்டு. அது மாட்டின் வாயிலும் நாக்கடியிலும் குத்திப் புண்ணாக்கும். பொடிப்பொடியாக நறுக்காமல் போடக் கூடாது. ஐம்பது நாள் பசும்புல்லில் கதிரே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு விழுந்த கதையை அறிந்தவர்கள் இதற்கும் பயப்படுவார்கள். சோளத்தில் உள்ள அந்த நஞ்சு பார்லியில் இல்லை. ஆனால் நைட்ரேட் சேரும். யூரியா போட்டு இரண்டு வாரத்துக்குள் வெட்டினாலும், நாலைந்து நாள் வெயிலே இல்லாத மூடுபனியில் வெட்டினாலும் அளவு கூடும். மேலுரத்துக்கும் வெட்டுக்கும் நடுவே மூன்று வாரம் விடுங்கள். மூடுபனி நாளில் பிற்பகலில் வெட்டி, வைக்கோலோடு கலந்து, பசித்த மாட்டுக்கு முதல் தீனியாகப் போடாமல் இருந்தால் போதும்.

உரம், தண்ணீர், களை

தானியத்துக்கு மட்டும் என்றால் ஹெக்டேருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 30, சாம்பல் சத்து 20 கிலோ. வெட்டும் பயிருக்குத் தழைச்சத்தை 75 ஆக்க வேண்டும். வெட்டி எடுத்துப்போன இலையோடு சத்தும் போயிருக்கிறது. மூட்டைக் கணக்கில் சொன்னால், அடியுரமாக டி.ஏ.பி. 65 கிலோ, யூரியா 40 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ. இதில் தழைச்சத்து 30 கிலோ வந்துவிடும். 30ஆம் நாள் முதல் தண்ணீரோடு யூரியா 33 கிலோ. வெட்டினபின் விடும் தண்ணீர் சுண்டி, கால் புதையாத பதம் வந்ததும் யூரியா 65 கிலோ. கடைசியாகச் சொன்ன இந்த யூரியாதான் மிக முக்கியம். இதைத் தவிர்த்தவர்களின் வயலில் துளிர் வெளிறிப்போய், கதிர் விரல் நீளத்தில் நின்றுவிடும். பனி இலையில் இருக்கும் காலையில் தூவாதீர்கள். இலையில் ஒட்டிக் கருக்கிவிடும், பிற்பகலில் தூவுங்கள்.

பலேவா போக, முதல் தண்ணீர் 30ஆம் நாள், இரண்டாவது வெட்டினதும், மூன்றாவது கதிர் பொதியில் (வெளிவராமல் இலையுறைக்குள்) இருக்கும்போது, நான்காவது மணி பால் பிடிக்கும்போது. மூன்றுதான் முடியும் என்றால் நான்காவதைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டினதும் பாய்ச்சும் தண்ணீரைத் தவிர்க்கக் கூடாது. காற்று அடிக்கும் நாளில் கடைசித் தண்ணீர் வேண்டாம். வெட்டாத பகுதியில் பயிர் உயரமாக நிற்பதால் சாய்வது அங்கேதான் அதிகம். வெட்டின பகுதி குட்டையாக எழுவதால் பெரும்பாலும் நிற்கும். இதுவும் வெட்டின் ஒரு லாபம்.

உவர்த் தண்ணீரைப் பார்லி தாங்கும் என்பது உண்மை. மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 8 டெசிசீமன்வரை தானிய மகசூல் குறையாது என்பது பொதுக் கணக்கு. கோதுமைக்கு இது 6. ஆனால் தீவனமாக வெட்டும் பார்லிக்கும் வரம்பு 6தான். முளைக்கும் நாட்களில் எந்தப் பார்லியும் உப்புக்கு இளைத்ததே. அதனால் பலேவாவுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தேடிக்கொள்ளுங்கள். உவர் நிலம்தான் பிரதானப் பிரச்சினை என்றால் 2035ஐவிட அதன் வாரிசான ஆர்.டி. 2552 பக்கம் போவது நல்லது.

களைக்கு, வெட்டும் பயிரில் 25 நாளில் ஒரு கைக்களை எங்களுக்குப் பிடித்த வழி. மருந்தடித்தால் அதே புல்லை மூன்று வாரத்தில் மாட்டுக்குப் போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. சீட்டில் சொன்ன காத்திருப்பு நாளைப் பாருங்கள். பக்கத்து வயல் கோதுமைக்கு வாங்கின மருந்தில் மிச்சத்தைப் பார்லிக்கு அடிக்கிறவர்கள் உண்டு. கோதுமைக்கான கிளோடினாஃபாப்பும் சல்ஃபோசல்ஃப்யூரானும் பார்லியைச் சுடும். பயிர் மஞ்சளடித்து, வளர்ச்சி நின்று, அந்த ஆண்டுத் தீவன வெட்டே போய்விடும். கோதுமைக்கு அடித்த தெளிப்பான் தொட்டியைக் கழுவாமல் வருவதும் அதே விளைவுதான்.

நூற்புழு நிலத்தில் இதன் மதிப்பு

இந்த ரகத்தை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கக் காரணம் இதுதான். ராஜஸ்தான் மணல் நிலத்தில் ‘மோல்யா’ என்று ஒரு நோய். கூட்டுமுட்டை நூற்புழுவால் வருவது. இந்தியாவில் 1958இல் சீகர் மாவட்டத்தில் முதலில் பதிவானது. வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாகி வெளிறும். யூரியா குறைவு என்று நினைத்து இன்னொரு மூட்டை கொட்டுவார்கள், ஒன்றும் ஆகாது. ஜனவரி கடைசியில் அப்படி ஒரு செடியை மண்வெட்டியால் சுற்றி வெட்டி மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேர் நுனிகள் கொத்துக்கொத்தாகக் கிளைத்திருக்கும். அவற்றில் கடுகைவிடச் சிறிய வெள்ளை முத்துகள் ஒட்டியிருக்கும். முட்டை சுமந்த பெண் புழுக்கள் அவை. பிறகு பழுப்பாகி மண்ணில் உதிர்ந்து, உள்ளே முட்டையைப் பத்திரமாக வைத்தபடி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பிடுங்கி எடுத்தால் முத்து உதிர்ந்துவிடும், ஒன்றும் தெரியாது.

ஆர்.டி. 2035 இதற்கு எதிர்ப்புள்ள ரகம். ஆர்.டி. 2052உம் அப்படியே. எதிர்ப்பு என்றால் புழு வேருக்குள் நுழையவே நுழையாது என்று பொருளல்ல. நுழையும், ஆனால் பெண் புழு முதிர்ந்து முட்டை வைக்க வழியில்லாமல் போகும். எனவே இதை விதைத்த நிலத்தில் புழுவின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். கோடையில் மே, ஜூனில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று ஆழ உழவும், நடுவே ஓராண்டு கடுகோ கடலையோ வெந்தயமோ போட்டால் இன்னும் வேகமாக இறங்கும். புழு உள்ள வயலில் நோய் தாங்காத ரகத்தை வெட்டினால், பாதி வேரோடு நிற்கும் பயிர் திரும்ப எழுவதே இல்லை. அங்கே 2035க்கு நிகர் தேடுவது கஷ்டம். ஆனால் வாரிசு ரகம் என்பதாலேயே 2552இலும் 2715இலும் இந்தக் குணம் இருக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். விதைச்சீட்டோடு வரும் குறிப்பில் எழுதியிருந்தால்தான் நம்ப வேண்டும்.

நோய்களில் மஞ்சள் துருவுக்கு மட்டும் கண் திறந்திருக்க வேண்டும். துருப் பூசணம் ஆண்டுக்கு ஆண்டு புது உரு எடுப்பது. முப்பது ஆண்டுக்கு முந்திய ரகத்தை அது விஷயத்தில் நம்ப முடியாது. இலையில் மஞ்சள் பொடி வரிவரியாக, விரலில் ஒட்டுகிற மாதிரி வந்தால் புரோபிகோனசோல் 25 சத மருந்தை லிட்டருக்கு 1 மில்லி கலந்து, ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளிக்க வேண்டும். வெட்டுக்கு முன் வந்தால் தெளிக்காமல் உடனே வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. பாதித்த இலையும் வயலை விட்டுப் போகும். வெட்டினபின் வரும் கொழுத்த துளிரில் அசுவினி கூட்டம் கூட்டமாக உட்காரும். குருத்துச் சுருளுக்குள் நீலப்பச்சையாக இருக்கும். வயலோரத்தில்தான் தொடங்கும், ஓரத்தில் மட்டும் மருந்தடித்தாலே பெரும்பாலும் அடங்கும்.

தானியம்

வெட்டின பகுதியில் ஹெக்டேருக்கு 25 முதல் 30 குவிண்டால் வந்தால் நன்று. வெட்டாததைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவதை இயல்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 6 குவிண்டால் குறைந்தது என்று வைப்போம். 2025-26 சந்தைப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,980 ரூபாய். அந்தக் கணக்கில் இழப்பு 11,880 ரூபாய். அதற்கு ஈடாக 15,000 கிலோ பசுந்தீவனம் வந்திருக்கிறது. கிலோ 80 காசு. வெட்டுக் கூலியும் கூடுதல் யூரியாவும் தனி. வெட்டு பிந்தி மகசூல் பாதியாகிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

மால்ட் ஆலைக்கு இந்த மணி போகாது. அவர்களுக்கு ஒரே அளவாகப் பருத்த, புரதம் குறைந்த மணி வேண்டும். பெரும்பாலும் இரண்டு வரிசை ரகம். வெட்டினபின் யூரியா வாங்கின ஆறு வரிசைப் பயிரில் புரதம் கூடும், ஓரத்து மணிகள் மெலியும். மாட்டுத் தீவனத்துக்கு இதுவே நல்ல குணம். முழு மணியாகப் போட்டால் பாதி சாணத்தில் வந்துவிடும், உடைத்துப் போடுங்கள். மாவாக அரைத்து ஒரேயடியாக அதிகம் கொடுத்தால் வயிறு புளித்துத் தீனி எடுக்காது. கோழிக்கு அளவோடுதான். பார்லியின் பிசின் எச்சத்தை ஒட்டும்படி செய்து கூண்டை ஈரமாக்கும்.

பார்லி முற்றினால் கதிரின் கழுத்து வளைந்து நொறுங்க ஆரம்பிக்கும். ஒரு வாரம் தாமதித்தால் முழுக் கதிரே உதிர்ந்து தரையில் கிடக்கும். தாள் மஞ்சளாகி, மணி பல்லில் வைத்தால் உடையும் பதத்தில், காலை நேரத்திலேயே அறுங்கள். மணியின் ஈரம் 12 சதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து மூட்டை கட்ட வேண்டும். தாளைப் போரில் சேர்க்கும்போது மீசைத் தூசியைத் தனியே தூற்றிவிட்டால் மாடு ஒதுக்காமல் தின்னும்.

விதைக்கென்று எடுப்பது வெட்டாத மூன்றாவது பங்கிலிருந்து மட்டும்தான். வெட்டின பகுதியின் மணி சிறுத்து, முளைப்பு வேகம் குறைந்திருக்கும். கதிர் வந்ததும் அந்தப் பங்கில் கரிப்பூட்டைக் கதிர் தெரிந்தால், கறுப்புப் பொடி பறப்பதற்குள் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மூடிப் பிடுங்கி, வயலுக்கு வெளியே எரித்துவிடுங்கள். அறுத்த மூட்டையில் ‘வெட்டாதது’ என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். ஐப்பசியில் குதிர் திறக்கும்போது இரண்டு மூட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.